அரக்குச் சாயத்தில் ஒரு நீலம்

என் புது வெள்ளை ஷூவின் ஆயுள் வெண்ணந்தூர் சாயப்பட்டறைத் தெருவில் முடிந்தது. கார்க் கதவைத் திறந்து காலை வைத்தேன். கால் நேராகச் சாக்கடைக்குள் போனது. வெளியே எடுத்தபோது ஷூ, சாக்ஸ், பேன்ட் ஓரம் எல்லாம் அரக்குச் சிவப்பு.

“சாயம் நல்லாப் புடிச்சிருக்கு,” என்றார் கயல்விழி மேடம். “அந்தக் காலையும் உள்ள விடு நிலவா. ஜோடி சேர்ந்துடும்.”

“காலைல இருந்து பச்சைத் தண்ணிகூட வயித்துக்குள்ள போகலைங்க மேடம். காலுக்காவது ஏதோ கெடைச்சுதே.”

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வரும். இன்று மேடம் பட்டறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காதில் இன்னும், வழியில் போனில் பேசிய டாக்டரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

விடிந்ததும் விடியாததுமாக எங்கள் சேலம் துப்பறியும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றவர் ராசாத்தி. வெண்ணந்தூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகாத மருமகள் அபிநயா சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சிறுநீர் மயில் கழுத்து நிறத்தில் போகிறது. வயிறு வீங்கி, வாந்தி நிற்கவில்லை. அவளைப் பெற்ற மஞ்சுளா மோகனூரிலிருந்து ஓடி வந்து, ‘மாமியாரும் புருஷனும் சேர்ந்து என் மகளுக்கு மயில்துத்த விஷம் கொடுத்துவிட்டார்கள்’ என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். ராசாத்தியின் மகன் தனசேகர் நேற்று மாலையிலிருந்து ஸ்டேஷனில் இருக்கிறான்.

வரும் வழியில் மேடம் டாக்டர் அறிவுமதியோடு போனில் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“ஸ்கேன்ல குடல் வீங்கியிருக்கு. அடைப்புன்னா உடனே வயித்தைத் திறக்கணும். ஆனா விஷத்துலயும் குடல் ஓஞ்சுபோய் இதே மாதிரி வீங்கும். அந்த உடம்பைத் திறந்தா தாங்காது. எதுன்னு தெரியாம நான் கத்தி எடுக்க முடியாது மேடம். ரத்த ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். அந்தப் பொண்ணுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கான்னு தெரியலை. நீங்க துப்பறியறவங்கதானே, விஷமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

கயல்விழி மேடம் இந்தத் தொழிலுக்கு வருமுன் மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். இல்லாத நோய்க்கு ஆபரேஷன் செய்ததாகச் சொல்கிறவர்களைப் பிடிப்பது அங்கே அவர் வேலை. அவருக்கு இதுவரை எந்த டாக்டரும் இப்படி ஒரு கேள்வியைக் கையில் கொடுத்ததில்லை.

பட்டறைக்குள் ராசாத்தி முன்னால் நடந்தார். சாயம் தோய்த்த நூல் சிட்டங்கள் கழியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. மூலையில் ஒரு மூட்டை, மேலே போலீஸ் ஒட்டிய காகிதம்.

“இதானுங்க மயில்துத்தம். சாயம் கெட்டியா நிக்கறதுக்கு வாங்கி வெச்சது. எல்லாப் பட்டறையிலயும் இருக்குமுங்க. இதைப் போயி எம்மருமகளுக்குக் குடுப்பனுங்களா?”

மேடம் குனிந்து மூட்டையின் வாயைத் தடவிப் பார்த்தார். கம்பெனித் தையல் அப்படியே இருந்தது, ஒரு கண்ணிகூடப் பிரியாமல்.

“நிலவா, தையல் பிரிக்காத மூட்டையில இருந்து எப்படி விஷம் எடுக்கலாம்?”

“மூட்டைகிட்டக் கெஞ்சிக் கேட்டா அதுவே குடுத்துடுமோ என்னமோங்க.”

மேடம் ராசாத்தியிடம் திரும்பினார். “நீலமாப் போறது எப்ப இருந்தும்மா?”

“போன வாரத்துல இருந்துங்க. சொன்னா. நாங்கதான் பெருசா எடுத்துக்கலை. சாயத்துல நிக்கறவியளுக்குச் சளி கலர்ல வரும், வேர்வை கலர்ல வரும். எங்கூட்டுக்காரர் இருந்தப்ப அவர் வேட்டி வேர்வையிலயே மஞ்சளாயிருமுங்க. இவளும் ஆசைப்பட்டுத் தொட்டிகிட்ட வந்து நிப்பா. சரி, இவளும் சாயக்காரி ஆயிட்டான்னு சிரிச்சுப்போட்டு உட்டுட்டமுங்க.”

மேடத்தின் பார்வை மெதுவாக இறங்கி என் வலது காலில் நின்றது.

“இப்ப என்ன சாயம் போடறீங்க?”

“அரக்குங்க. தீபாவளி ஆர்டர். ஆவணியில இருந்து அரக்கு ஒண்ணுதான்.”

“நீலம் கடைசியா எப்பப் போட்டீங்க?”

“அது... ஆடியிலங்க.”

சொல்லிவிட்டு ராசாத்தி வாயில் கை வைத்துக்கொண்டார். “உடம்புல தங்கினது இப்ப வருதுன்னு நெனச்சனுங்களே...”

ஆடியில் போட்ட நீலம் புரட்டாசியில் வராது. சிவப்புச் சாக்கடை ஓடும் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் நீலம் போயிருக்கிறது. சாயத் தொழில் இல்லாத வேறு எந்த வீட்டில் நடந்திருந்தாலும் அன்றே பதறி டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இங்கே சிரித்திருக்கிறார்கள்.

“சாப்பாடு எப்படிம்மா சாப்பிடுவா?”

“எங்கீங்க சாப்புட்டா? அரை இட்லி. விருந்துல இலை போட்டா ஒரு வாய். கேட்டா அவிய அம்மா சொல்லுச்சு, குலசாமிக்கு வெரதம், ஆடிப் பதினெட்டோட முடியும், மோகனூர்ல காவேரியில தலை முழுகி முடிச்சுக்கறோம்னு. ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போனா, வந்தா. வந்த பொறகும் அதே அரை இட்லிதானுங்க.”

மேடம் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. ஒன்று பிடிபட்டால்தான் அவர் அப்படி நிறுத்துவார்.

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் நாற்காலி போடச் சொன்னார். தையல் பிரியாத மூட்டையைப் பற்றி மேடம் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பக்கத்துப் பட்டறையில வாங்கியிருக்கலாமேங்க.”

“சொந்த மூட்டையை வெச்சுக்கிட்டு விஷத்தைக் கைமாத்து வாங்குவாங்களா?”

“மேடம், எனக்கும் இந்தப் பையனைப் பார்த்தா அப்படித் தோணலை. ஆனா பெத்தவ எழுதிக் குடுத்திருக்கா. டாக்டர் விஷம் இல்லைன்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் அனுப்பறேன். அதுக்கு முன்னாடி என் கையில என்ன இருக்கு?”

டாக்டர் எங்களைக் கேட்கிறார். இன்ஸ்பெக்டர் டாக்டரைக் கேட்கச் சொல்கிறார். நாங்கள் யாரைக் கேட்பது?

தனசேகர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் அரக்கு. அழுது முடித்த முகம்.

“நான்தானுங்க சிரிச்சது. ‘ஏங்க, நீலமாப் போகுதுங்க’ன்னா. ‘வா வா, எங்க சாதியில சேர்ந்துட்ட’ன்னு கிண்டல் பண்ணினேன். அவளும் சிரிச்சா. அவ பயந்துதாங்க சொன்னா. நான் சிரிச்சதால சிரிச்சா.”

மேசைமேல் அவனிடம் வாங்கி வைத்த போன் கிடந்தது. ஏதோ செய்தி வந்து திரை எரிந்தது. கன்னம் புஷ்டியாக, தோளும் கையும் நிறைய, வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பெண்.

“யாருங்க, உங்க அக்காவா?” என்றேன்.

“அபிநயாதானுங்க. நிச்சயத்தன்னைக்கு நான் எடுத்தது.”

 காலையில் ராசாத்தி கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய கல்யாணப் படத்தில் இருந்தவள் இவளில் பாதி. மேடம் போனைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“நிச்சயம் எப்ப?”

“தை மாசமுங்க. கல்யாணம் வைகாசி.”

“தை,” என்றார் மேடம். பிறகு விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார். “நிலவா, வண்டியை எடு. ஆட்டையாம்பட்டியில முறுக்குன்னு நிறுத்தினே, உன்னைத் தொலைச்சுடுவேன்.”

நிறுத்தினேன். மேடம் போனில் டாக்டரைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்த இடைவெளியில் ஒரு பொட்டலம் வாங்கினேன். டாக்டர் எடுக்கவில்லை. பின்சீட்டில் ராசாத்தி வாய்க்குள் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

*

அபிநயா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். கை கால் குச்சி. போர்வைக்கு மேல் வயிறு மட்டும் மேடு. மூக்கில் குழாய். டாக்டர் அறிவுமதி எங்களைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்.

“யாருங்க எனக்கு வெசம் வெச்சது?” அவள் குரல் காற்றாக வந்தது. “எங்க மாமியா வெக்க மாட்டாங்க. அவரும் வெக்க மாட்டாரு. அப்ப யாருங்க?”

“கண்டுபிடிச்சுடலாம் கண்ணு,” என்றார் மேடம். “உன் விரதத்தைப் பத்திச் சொல்லு. எந்தச் சாமிக்கு?”

“வெரதமா? நான் எந்த வெரதமும் இருக்கலீங்க. எனக்குப் பசியே எடுக்கறதில்லை. அம்மாதான் வெரதம்னு சொல்லிருச்சு. கேட்டா, மாமியா ஊட்ல அப்படிச் சொன்னாத்தான் மரியாதைன்னுச்சு.”

“பசி எப்ப இருந்து இல்லை?”

“நிச்சயம் முடிஞ்சு... அம்மா ஒரு டாக்டருகிட்டக் கூட்டிட்டு வந்துச்சு. எனக்கு கேஸ் ட்ரபிள் இருக்குன்னு. மயக்க ஊசி போட்டு வாய் வழியாக் குழாய் உட்டுப் பார்த்தாங்க. அப்புறம் ஒரே வாந்தி. அப்ப இருந்துதானுங்க.”

அதற்குமேல் பேச முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மேடம் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வயித்துல ஏதாவது கருவி வெச்சிருக்கான்னு நீங்க விசாரிச்சீங்களா?”

“அட்மிஷன்லயே கேட்டேன். இல்லைன்னாங்க.”

“யாரு?”

“பொண்ணும் இல்லைன்னா. அவங்க அம்மாவும் இல்லைன்னாங்க.”

“பொண்ணு பொய் சொல்லலை,” என்றார் மேடம். “அவளுக்குத் தெரியாது.”

வராந்தாவின் கடைசி பெஞ்சில் மஞ்சுளா உட்கார்ந்திருந்தார். கட்டுச்செட்டான பெண்மணி. எங்கள் பின்னால் ராசாத்தியைப் பார்த்ததும் எழுந்தார்.

“கொலைகாரி இங்க எதுக்கு வந்தா? என்ற புள்ளையக் கொன்னுப்போட்டு வேடிக்கை பார்க்க வந்தியா?”

ராசாத்தி சுவரோரமாக ஒதுங்கினார். மேடம் இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

“மஞ்சுளாம்மா, ஆடிப் பதினெட்டோட முடியற விரதம் எந்தச் சாமிக்கு?”

“எங்க குலசாமிக்குத்தான். அதுக்கென்ன இப்ப?”

“தையில ஆரம்பிச்சு ஆடியில முடியுது. ஆறு மாசம். அது சாமி சொன்ன கணக்கா, டாக்டர் சொன்ன கணக்கா?”

மஞ்சுளாவின் கை சேலைத் தலைப்பைத் தேடியது.

“ஆடிக்குப் புதுப் பொண்ணு அம்மா வீட்டுக்கு வந்துடுவா. மாப்பிள்ளை வீட்டுக் கண்ணு படாது. சத்தமில்லாம எடுத்துடலாம்னு நெனச்சீங்க. சரியா? வயித்துக்குள்ள என்ன வெச்சீங்கம்மா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“உடம்பு இளைக்கறதுக்கு வெக்கற, நீலத்தண்ணி நிரப்பின பலூன். இன்சூரன்ஸ்ல இருந்தப்பப் பார்த்திருக்கேன். வயித்துல இடத்தை அடைச்சுக்கும். கொஞ்சம் தின்னாலே போதும்னு இருக்கும். ஆறு மாசத்துல எடுக்கணும். எடுக்காம விட்டு ஓட்டை விழுந்தா நீலம் ஒண்ணுக்குல வரும். அதுக்காகத்தான் அந்த நீலத்தையே கலக்கறாங்க. நீலத்தைப் பார்த்தா ஓடி வாங்கன்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. உங்க மககிட்ட யாரும் சொல்லலை.”

டாக்டர் அறிவுமதி ஒரு அடி முன்னால் வந்தார். “ஆமாவா இல்லையா? எனக்கு அது மட்டும் போதும்.”

மஞ்சுளா தலையை ஆட்டினார். ஆமாம் என்று.

டாக்டர் திட்டக்கூட நிற்கவில்லை. திரும்பி ஓடினார். ஒரு டாக்டர் வராந்தாவில் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கதவுகள் திறந்தன, மூடின. தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லும் குரல் கேட்டது.

“நேத்தே தெரியுமில்ல உங்களுக்கு?” என்றார் மேடம். குரலில் கோபம் இருந்தது. “இங்க வந்து நீலம்னு கேட்டதுமே தெரியும். தெரிஞ்சும் மயில்துத்தம்னு எழுதிக் குடுத்தீங்க.”

மஞ்சுளா பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

“ஆடியில கூட்டிட்டு வந்தனுங்க. செக்கப்புன்னு சொல்லி. அங்க போனா ஷட்டர் போட்டிருக்கு. போர்டு இல்லை, டாக்டர் இல்லை. இப்ப அந்த இடத்துல செல்போன் கவர் விக்கறாங்க. வேற டாக்டருகிட்டப் போனா அவளுக்குத் தெரிஞ்சுரும். அவளுக்குத் தெரிஞ்சா மாப்பிள்ளைகிட்டச் சொல்லிருவா, புள்ளை எதையும் மறைக்காது. தல தீபாவளிக்கு வருவாளே, அதுக்குள்ள யாரையாவது புடிச்சு எடுத்துரலாம்னு இருந்தேன். நேத்து நீலம்னாங்க. ஓட்டை விழுந்துருச்சுன்னு புரிஞ்சுபோச்சு. அப்பத்தான் யாரோ மயில்துத்தம் குடிச்சாலும் இப்படித்தான் போகும்னாங்க. அதையே புடிச்சுக்கிட்டேன். வெசம்னா கொன்னது அவிய. இதுன்னா கொன்னது நானு.”

எனக்கு எதையாவது சொல்லி அந்த இடத்தைக் கலைக்க வேண்டும் போலிருந்தது. என் தொழிலே அதுதான். போனைத்தான் எடுத்தேன். மஞ்சுளா கொடுத்த அந்தக் கிளினிக் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். மறுபடி சொன்னது.

“எதுக்கு மஞ்சுளா?” ராசாத்திதான் கேட்டார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. “நாங்க குண்டா இருக்குதுன்னு ஏதாச்சும் சொன்னமா? பவுனு கேட்டமா, ஒல்லி கேட்டமா? எதுக்கு இப்பிடிப் பண்ணினே?”

மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தார்.

“சொன்னீங்க.”

“நானா?”

“நிச்சயத்தன்னைக்கு. தட்டு மாத்தி முடிச்சு எல்லாரும் உக்கார்ந்திருக்கறப்ப. ‘மாப்பிள்ளைக்கு ஒரு மணப்பலகை போதும், பொண்ணுக்கு ரெண்டாச் சேர்த்துப் போடச் சொல்லுங்க’ன்னீங்க. சபையே சிரிச்சுது. எம்புள்ளையும் சிரிச்சா. நானும் சிரிச்சேன்.”

ராசாத்தி யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே தேடிப் பார்த்தார். அவர் முகத்தில் நடிப்பு இல்லை.

“நானா சொன்னேன்? எனக்கு நெனப்பே இல்லியே, சாமி.”

விஷம் வைத்தது யார் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தம்மா விடியற்காலையில் எங்களைத் தேடி வந்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன். எங்கள் கேஸ் முடிந்துவிட்டது. பிடித்துக் கொடுக்க அங்கே ஆள்தான் யாரும் இல்லை.

*

இன்ஸ்பெக்டருக்கு டாக்டர் போன் செய்துவிட்டார். பொழுது சாயும்போது தனசேகர் வந்து சேர்ந்தான். அதற்குச் சற்று முன்தான் டாக்டர் அறிவுமதி வெளியே வந்திருந்தார். கையில் ஒரு தட்டு, அதில் சுருங்கிப்போன தோல் மாதிரி ஒன்று. ஓரமெல்லாம் இன்னும் வெளிர்நீலம்.

“குடல்ல போய் மாட்டியிருந்துது. எடுத்தாச்சு. ஆனா குடல்ல ஒரு துண்டு செத்துப்போயிடுச்சு, அதையும் வெட்டி எடுத்திருக்கோம். ரத்தத்துல கிருமி பரவியிருக்கு. இன்னும் கண் முழிக்கலை. முழிப்பாளான்னு என்கிட்டக் கேட்காதீங்க. நேத்து இதைச் சொல்லியிருந்தா நான் ஏதாவது தைரியமாச் சொல்லியிருப்பேன்.”

மேடம் எல்லாவற்றையும் தனசேகரிடம் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான். மாமியாரைத் திட்டுவான், அம்மாவைத் திட்டுவான் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் பெஞ்சில் அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தான். போலீஸ் திருப்பிக் கொடுத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவையே பார்த்தான்.

முறுக்குப் பொட்டலம் என் பையில் பிரிக்காமல் இருந்தது. எடுத்து யாரிடமாவது நீட்டலாமா என்று யோசித்தேன். அந்த வராந்தாவில் தின்கிற பொருளை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை.

போனில் ஏதோ செய்தி வந்தது. திரை எரிந்தது. மஞ்சுளா எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை... இது நிச்சயத்துல எடுத்ததுங்களே. கல்யாணப் போட்டோ வெக்கலீங்களா?”

“அதுல அவ சிரிக்கலீங்க, அத்தை.”

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

மஞ்சுளா கையை நீட்டினார். அவன் போனைக் கொடுத்தான். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது. எங்கே அமுக்கினால் மறுபடி எரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து நீட்டினார். நான் அமுக்கிக் கொடுத்தேன். மறுபடி அணைந்தது. மறுபடி அமுக்கினேன். கதவு திறக்கவில்லை. நான் அமுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.